குடலின் உட்சுவர் கெட்டால் குணம் எப்படி வருகிறது?



அழைக்கப்பட்டுப் போகும் சபைகளில், ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுக்கும் வேளையில், சமீப காலமாக இரண்டு கேள்விகள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. "ஐயா, குடலில் கசிவு ஏற்பட்டு விஷம் ரத்தத்தில் கலக்கிறதாமே, அதை அடைக்க ஒரு பவுடர் விற்கிறார்கள். வாங்கிச் சாப்பிடலாமா? ஆஸ்பத்திரிக்கும் வாங்கிக் கொடுக்கலாமா?" என்பது முதலாவது. "குழந்தைகள் வார்டுக்கென்று நாங்கள் அனுப்புகிற காணிக்கையில் மருந்தைவிடச் சாப்பாட்டுக்கு அதிகம் போகிறதே, ஏன்?" என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் பதில் ஓரிடத்தில்தான் இருக்கிறது. அது நம் குடலின் உட்சுவர். நாங்கள் மருத்துவர்கள் அல்ல. ஆனால் படுக்கையருகே ஜெபிக்கப் போகிறவர்கள் மருத்துவர்களிடமும் நர்ஸ்மார்களிடமும் கேட்டுக் கற்றுக்கொள்ளாமல் இருக்க முடியாது. அப்படிக் கற்றதை எளிய தமிழில் இங்கே எழுதுகிறோம்.

சுவர் எப்படிப்பட்டது?

வாய் முதல் ஆசனவாய் வரையுள்ள பாதையின் உட்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு இருக்கும் என்று பல புத்தகங்களில் எழுதியிருந்தார்கள். 2014-ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் அளந்து பார்த்து, சுமார் 32 சதுர மீட்டர் என்று கணக்கிட்டார்கள். ஓரளவு பெரிய அறை ஒன்றின் தரையளவு. இத்தனை பரப்பையும் மூடியிருப்பது ஒரே ஒரு செல் கனமுள்ள அடுக்கு. அதற்கு ஒருபுறம் நாம் உண்ணும் உணவும் கோடானுகோடிக் கிருமிகளும், மறுபுறம் நமது ரத்தமும் இருக்கின்றன.

இந்தச் சுவருக்கு இரண்டு வேலைகள். சத்தையும் நீரையும் உள்ளே விட வேண்டும். கிருமியை வெளியே நிறுத்த வேண்டும். உள்ளே விடுவதற்காகச் சிறுகுடலில் விரல்போன்ற குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. வெளியே நிறுத்துவதற்காகச் செல்லும் செல்லும் இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின்மேல் வழவழப்பான சளிப்படலம் ஒன்று பூசப்பட்டிருக்கிறது. அந்தப் படலத்தில் கிருமிகளைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருட்கள் கலந்திருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு இந்த எதிர்ப்பொருள் முதலில் தாய்ப்பாலிலிருந்துதான் கிடைக்கிறது.

இந்த அடுக்கின் பெரும்பாலான செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, அடியிலிருந்து புதிய செல்கள் எழும்பி வருகின்றன. அலங்கத்தில் விழுந்த கல்லுக்குப் பதில் கல் வைக்கும் வேலை இரவும் பகலும் நடக்கிறது என்று சொல்லலாம். ஆகையால் குடல்சுவருக்கான வைத்தியம் பெரும்பாலும் இவ்வளவே: இடிக்கிறவனைக் கண்டுபிடித்து விலக்க வேண்டும்; கட்டுகிற செல்களுக்கு ஆகாரம் கொடுக்க வேண்டும்; கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு சிகிச்சையையும் இந்த மூன்றையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

திடீரென்று வரும் பேதி

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்கிற்கு முக்கிய காரணங்களில் ஒன்று ரோட்டா வைரஸ். அது குடலுறிஞ்சிகளின் நுனியிலுள்ள செல்களைத் தாக்கி அழிக்கிறது. காலரா கிருமியோ சுவரை இடிப்பதில்லை. அதன் நஞ்சு, உடம்பின் நீரும் உப்பும் வெள்ளமாய் வெளியேறச் செய்கிறது. இரண்டிலும் உயிர் போவது நீரிழப்பினால்தான்.

இங்கே ஒரு அதிசயமான உண்மையைச் சொல்ல வேண்டும். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல் ஒன்று சிறுகுடலின் செல்களில் இருக்கிறது. அவற்றின் பின்னே தண்ணீரும் உள்ளே போகிறது. காலராவிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. ரோட்டா வைரஸ் பேதியிலும் தாக்கப்படாத செல்களில் அது திறந்தே இருக்கிறது. 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இந்த வாசலைப் பற்றி முதலில் எடுத்துச் சொன்னார். 1971-ல் கிழக்கு வங்காளத்து அகதிகள் மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் வந்து குவிந்தபோது, காலராவுக்கு நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. அப்போது டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, உறவினர்களையே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் அளவில் மரித்துக்கொண்டிருந்த நிலை மாறி, நான்கு பேருக்கும் குறைவானது. அவர் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இன்று நம் வார்டில் கொடுக்கப்படும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்தக் கரைசலின் வழிவந்ததுதான். ஒரு லிட்டர் நீருக்கு 13.5 கிராம் குளுக்கோசும் 2.6 கிராம் சாதாரண உப்பும், பொட்டாசியம் முதலிய வேறு உப்புகளும் அதில் உண்டு. பொட்டலத்தைப் பாதியாகவோ கால் பாகமாகவோ கரைக்கக்கூடாது. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவு சுத்தமான நீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் உபயோகிக்க வேண்டும்.

இதனுடன் ஜிங்க் மாத்திரை சேர வேண்டும். சுவரைத் திரும்பக் கட்டும் வேலைக்குத் துத்தநாகச் சத்து அவசியம். பேதியில் அது அதிகமாக வீணாகிறது. 2004-ல் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெஃபும் சேர்ந்து, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமும் அதற்குட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராமும் 10 முதல் 14 நாட்கள் கொடுக்கும்படி ஆலோசனை கூறின. மூன்றாம் நாள் பேதி நின்றவுடன் மாத்திரையை நிறுத்திவிடும் தாய்மார் அநேகர். பேதி நின்றதென்றால் வெள்ளம் வடிந்தது என்றுதான் பொருள். கட்டுமானம் இன்னும் முடியவில்லை.

மூன்றாவது, ஆகாரம். "பேதிக்குத் தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று பாட்டிமார் சொல்வதைக் கேட்டு, குழந்தையை வாடவிட்டு, தொக்கம் எடுக்கவும் குடல் தட்டவும் இரண்டு நாள் அலைந்துவிட்டு, கண் குழிவிழுந்து உச்சிக்குழி பள்ளமான நிலையில் கொண்டு வருகிறவர்களை நாங்கள் இன்றும் காண்கிறோம். அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை, அன்பினால் செய்ததுதான். ஆனால் செய்தி இதுவே: தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. பெரிய குழந்தைக்குக் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, வாழைப்பழம் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டினி கிடக்கும் குடலில் உறிஞ்சிகள் இன்னும் குட்டையாகின்றன.

பெருங்குடலும் இதில் உதவுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், எளிதில் செரிக்காத ஒருவகைச் சோள மாவை ஓ.ஆர்.எஸ். கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, பேதி குறைந்து விரைவில் நிற்பதை 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். செரிக்காத மாவு பெருங்குடலுக்கு இறங்க, அங்குள்ள நல்ல கிருமிகள் அதைப் புளிக்கச் செய்து ஒருவகை அமிலங்களை உண்டாக்குகின்றன. அவை உப்பையும் நீரையும் உறிஞ்சச் சுவருக்குத் துணைசெய்கின்றன.

வருமுன் காக்கும் வழியும் உண்டு. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 2016-ல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2019-ல் எல்லா மாநிலங்களுக்கும் வந்தது. 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிறார்கள். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் போட்டாயிற்றா என்று தயவுசெய்து விசாரியுங்கள்.

மெதுவாகக் கெடும் சுவர்

1960-களின் ஆரம்பத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு பேதி பரவியது. வந்தவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெலிந்து, ரத்தம் குறைந்து, நாக்கு புண்ணாகி வாடினார்கள். ஸ்புரூ என்று அதற்குப் பெயர். வேலூரில் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி. ஐ. மாத்தனும் கிராமம் கிராமமாகச் சென்று அதை ஆராய்ந்தார்கள். குடலுறிஞ்சிகள் தேய்ந்து, உண்டது உடம்பில் சேராமல் போவதே அந்நோய். ஃபோலிக் அமிலம், பி-12 சத்து, டெட்ராசைக்ளின் ஆகியவற்றை மாதக்கணக்கில் கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள். இன்று இந்த வியாதி அரிதாகிவிட்டது.

ஆனால் அக்கால ஆராய்ச்சிகள் வேறொன்றையும் காட்டின. வியாதி ஏதுமில்லை என்று எண்ணிய சாதாரண மக்களின் குடலிலும் உறிஞ்சிகள் ஓரளவு குட்டையாக இருந்தன. அசுத்த நீரும் மண்ணும் வழியாக நாள்தோறும் உள்ளே போகும் கிருமிகளோடு சுவர் ஓயாமல் போராடுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. அதே காலத்தில் அன்றைய பாகிஸ்தானில் பணிசெய்த அமெரிக்கத் தொண்டர்களின் குடலிலும் இதே மாற்றம் காணப்பட்டது. தங்கள் நாடு திரும்பியபின் மாதங்கள் செல்லச்செல்ல அவர்களுடைய குடல் சீரடைந்தது. எந்தத் தனி மருந்தாலும் அல்ல, இடிக்கிறவை விலகியதால்தான் அது நடந்தது. நம் ஏழைப் பிள்ளைகளோ அந்தச் சூழலை விட்டு எங்கே போவார்கள்?

இதற்கு வைத்தியம் தேடி உலகமெங்கும் பிரயாசப்பட்டார்கள். வங்காளதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் கிராமத்து வீடுகளுக்குக் கழிப்பறை, கைகழுவும் வசதி, குடிநீரில் குளோரின் ஆகியவற்றை ஏற்படுத்திக் கொடுத்து, குழந்தைகளின் வளர்ச்சியை அளந்தார்கள். 2018, 2019 ஆண்டுகளில் முடிவுகள் வந்தன. இவ்வசதிகளால் மாத்திரம் குழந்தைகள் உயரமாக வளரவில்லை. சத்துணவு சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்கள் சற்று வளர்ந்தார்கள். கழிப்பறை வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. வங்காளதேசத்தில் பேதி குறையவே செய்தது. ஒரு வாளியும் ஒரு சோப்பும் போதாது, வீட்டுக்குள் வரும் நல்ல குழாய் நீரும் தெருவில் சாக்கடை வசதியும் வேண்டும் என்பதே நாம் கற்கும் பாடம்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. டாக்காவின் மீர்பூர் குடிசைப் பகுதியில் ஊட்டம் குறைந்த 123 குழந்தைகளைத் தெரிந்தெடுத்து, ஒரு பிரிவினருக்குக் கொண்டைக்கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் சேர்த்த உணவை மூன்று மாதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான சத்துணவு. கடலையும் வாழைக்காயும் சேர்ந்த உணவில் கலோரி குறைவாயிருந்தும், அதை உண்டவர்களே வேகமாக எடை கூடினார்கள் என்று 2021-ல் அறிவிக்கப்பட்டது. குடலிலுள்ள நல்ல கிருமிகளுக்கும் ஆகாரம் வேண்டும் என்பது இதனால் விளங்குகிறது.

எலும்பும் தோலுமாக வரும் குழந்தை

மிகவும் மெலிந்த குழந்தைக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதன் குடலும் ஈரலும் இருதயமும் அதைத் தாங்கா. ஆகவே முதல் சில நாட்கள் விசேஷமாகத் தயாரித்த பாலை இரண்டு மணிக்கொரு தரம், இரவிலும் எழுப்பி, அளந்து கொடுக்கிறார்கள். கெட்ட சுவரைத் தாண்டிக் கிருமிகள் ரத்தத்தில் நுழையக்கூடும் என்பதால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப்படுகிறது. பசி திரும்பி, குழந்தை கிண்ணத்தைத் தானே எட்டிப் பிடிக்கும் நாளில்தான் சத்துள்ள உணவுக்கு மாற்றுகிறார்கள்.

இதற்கு வாரக்கணக்கில் ஆகும். பிரச்சினையே அங்கேதான். ஐந்தாம் நாள் முகத்தில் சற்றுத் தெளிவு வந்ததும், "வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நாள் கூலி போகிறது" என்று தாய் மூட்டையைக் கட்டுகிறாள். அவளைக் குறைகூற யாரால் முடியும்? ஆனால் பாதி கட்டிய சுவரோடு வீடு திரும்பும் குழந்தை, அடுத்த பேதியில் முன்பைவிட மோசமாக விழுகிறது. அந்தத் தாய்க்கு மூன்று வேளைச் சாப்பாடு, வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி, பஸ் சார்ஜ், மறுபரிசோதனைக்கு வர ஒரு சிறு தொகை ஆகியவை இருந்தால் அவள் தங்குகிறாள். உங்கள் காணிக்கை சாப்பாட்டுக்குப் போவதாகக் கணக்கில் எழுதப்படுவது இதைத்தான். அது மருந்துக்கு வெளியே போன பணம் அல்ல.

பெரியவர்களின் குடல்

சிலருக்கு இடிக்கிறது கோதுமை. சீலியாக் நோய் என்று இதைச் சொல்வார்கள். கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தின்மேல் உடம்பு கொள்ளும் பகை, குடலுறிஞ்சிகளை அழிக்கிறது. நெதர்லாந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, இரண்டாம் உலகப் போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்தார். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அற்றுப்போனபோது அது உறுதியானது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வின்படி வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோய் காணப்படுகிறது. ரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்தியபின், வாழ்நாள் முழுதும் கோதுமையை விலக்குவதே சிகிச்சை. சோறு, இட்லி, கேழ்வரகு இவற்றுக்குத் தடையில்லை. ரவை, மைதா, சேமியா ஆகாது. கடையில் வாங்கும் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு. உங்கள் சபையில் அப்படி ஒருவர் இருந்தால், திருவிருந்து அப்பத்தின் சிறு துண்டும் அவருக்குத் தீங்கு செய்யும் என்பதைப் போதகரிடம் சொல்லுங்கள். அரிசி மாவில் செய்த அப்பத்தைத் தனித் தட்டில் வைப்பது பெரிய காரியமல்ல. பந்தியில் உட்காரத் தயங்கியிருந்த ஒருவருக்கு அது பெரிய ஆறுதல்.

கிரோன் நோயில் குடல்சுவர் ஆழமாகப் புண்ணாகிறது. அழற்சியை அடக்கும் மருந்துகள் பல உண்டு. பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் விசேஷமான திரவ உணவை மாத்திரம் கொடுத்துப் புண்ணை ஆற்றும் முறையும் கையாளப்படுகிறது. ரத்தம் கலந்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் எழுப்பும் பேதி ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் வர வேண்டும்.

வயலில் வேலை செய்கிறவர்கள் மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், புரூஃபென் போன்ற மாத்திரைகளும் குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். மதுபானமும் அப்படியே. இவர்களுக்கு முதல் சிகிச்சை, அவற்றை நிறுத்துவதுதான்.

அப்படியானால் அந்தப் பவுடர்?

பல வியாதிகளில் குடல்சுவர் கசிவது உண்மை. அதைச் சிறுநீர்ப் பரிசோதனையால் ஆராய்ச்சிக்கூடங்களில் அளக்கவும் செய்கிறார்கள். ஆனால் களைப்பு, தலைவலி, தோல் அரிப்பு எல்லாவற்றுக்கும் கசிவே காரணம், இதோ அதை அடைக்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதற்கு ஆதாரம் இல்லை. சுவரின் பிணைப்பை இறுக்குவதற்கென்றே கண்டுபிடித்த லாரசோடைட் என்ற மருந்தைச் சீலியாக் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரிய வாய்ப்பில்லை என்று கண்டு, இறுதிக் கட்டச் சோதனையை 2022-ல் நிறுத்திவிட்டார்கள்.

குளூட்டமின் என்ற அமினோ அமிலம், குடல் தொற்றுக்குப்பின் நீண்ட நாள் பேதியால் வருந்திய ஒருவகை நோயாளிகளுக்கு உதவியதாக 2019-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. எல்லோருக்கும் அது பொருந்தாது. நல்ல கிருமிகள் அடங்கிய மருந்துகளின் கதையும் இதுவே. அமெரிக்காவிலும் கனடாவிலும் பேதி வந்த குழந்தைகளுக்கு அவற்றைக் கொடுத்த இரு பெரிய சோதனைகளில் பலன் இல்லை என்று 2018-ல் தெரிந்தது. ஆனால் ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் அதிகமான பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், குறிப்பிட்ட ஒரு கிருமியும் அதற்கான உணவும் ஏழு நாள் கொடுக்கப்பட்டவர்களுக்கு ரத்தத்தில் கிருமி பரவுதலும் மரணமும் நாற்பது சதவீதம் குறைந்ததென்று 2017-ல் வெளியிட்டார்கள். எந்தக் கிருமி, யாருக்கு, எந்த வயதில் என்பதைப் பொறுத்தே பலன். அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும்.

ஆகவே எங்களைக் கேட்கிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் பதில்: அந்தப் பவுடரை வாங்கி அனுப்ப வேண்டாம். அந்தத் தொகையில் ஒரு தாய் இன்னும் சில நாட்கள் வார்டில் தங்கட்டும். உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஓ.ஆர்.எஸ். கரைக்கும் முறையை ஒருமுறை செய்துகாட்டுங்கள். பிரசவித்த வீடுகளைச் சந்திக்கப் போகும்போது, முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும், சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும்கூட, வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள். உங்கள் தெருவுக்குக் குழாயும் சாக்கடையும் கேட்டுப் பஞ்சாயத்தில் மனுக் கொடுக்கிறவர்களோடு நீங்களும் கையெழுத்திடுங்கள்.

இந்த மாதமும் எங்கள் குழந்தைகள் வார்டில் தாய்மார் இரவில் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து கிண்ணத்தையும் கரண்டியையும் எடுக்கிறார்கள். அவர்களையும், அவர்களோடு விழித்திருக்கும் நர்ஸ்மார்களையும் உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.